அப்பா என்று கூப்பிட்டால் அம்மா என்று கேட்கிறது

ஐந்து வயதுச் சிறுவன் ஒருவனை மனதில் எண்ணிக்கொள்ளுங்கள். அவன் தன் அப்பாவைக் கூப்பிடுகிறான். "அப்பா" என்றுதான் சொல்கிறான். கேட்பவர் காதில் "அம்மா" என்று விழுகிறது. "பால்" என்று கேட்டால் "மால்" என்று வருகிறது. பேச்சு முழுவதும் மூக்கு வழியாக வருகிறது. கைக்குழந்தையாக இருந்தபோது குடித்த பாலும் மூக்கு வழியாக வந்ததுண்டு.

பள்ளிக்கூடத்தில் அவன் ஓர் இடத்தில் உட்காருவதில்லை. புது ஆள் வந்தால் அம்மாவின் சேலைக்குப் பின்னால் ஒளிந்துகொள்கிறான். இரவில் பயந்து எழுகிறான். கணக்குப் பாடம் ஏறவே இல்லை.

வீட்டில் ஆளுக்கு ஒரு காரணம் சொல்கிறார்கள்.

"கிரகணத்தன்று நீ அரிவாள்மணையைத் தொட்டாய். அதுதான் பிள்ளை இப்படிப் பிறந்தது" என்கிறார் மாமியார்.

"தாய்மாமனுக்குக் கட்டவேண்டாம் என்று நான் அப்போதே சொன்னேன்" என்கிறார் பெரியப்பா.

"செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள்" என்கிறார் வாத்தியார்.

"காற்று கருப்பு பட்டிருக்கும். மந்திரித்துக் கயிறு கட்டுங்கள்" என்கிறார் பக்கத்து வீட்டுப் பாட்டி.

தாய் ஒன்றும் பேசுவதில்லை. யார் எதைச் சொன்னாலும் பழி அவள் தலையில்தான் இறங்குகிறது.

இப்படிப்பட்ட குழந்தைகள் எல்லோருக்கும் ஒரே காரணம் கிடையாது. ஆனால் சிலருக்கு உண்மையான காரணம், கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலில் இருக்கிறது. அது என்ன நூல் என்று பார்ப்போம்.

உடம்புக்குள் ஒரு நூல்கண்டு

நம் உடம்பு கோடி கோடி செல்களால் ஆனது. செங்கல் சேர்ந்து வீடு ஆவதுபோல, செல்கள் சேர்ந்து உடம்பு ஆகிறது. ஒரு செல்லைக் கண்ணால் பார்க்க முடியாது. மைக்ராஸ்கோப் வேண்டும்.

செல்லுக்குள் ஒரு சின்ன அறை உண்டு. அதற்கு உட்கரு என்று பெயர். அந்த அறையில் மிக மெல்லிய நூல் இருக்கிறது. ஒரே ஒரு செல்லில் உள்ள நூலை எல்லாம் பிரித்து நீட்டினால், சுமார் 2 மீட்டர் நீளம் வரும். அவ்வளவு நீளம் எப்படி உள்ளே அடங்குகிறது? சுற்றிச் சுற்றி அடங்குகிறது. பட்டுப்புழுக் கூட்டைப் பார்த்திருப்பீர்கள். விரல் நுனி அளவுதான் இருக்கும். அதைப் பிரித்தால் ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் நூல்கூட வரும். அதுபோலத்தான் இதுவும்.

இப்படிச் சுற்றி வைத்த நூல்கண்டுக்குக் குரோமோசோம் என்று பெயர். நம் ஒவ்வொரு செல்லிலும் 46 குரோமோசோம்கள் உள்ளன. 23 அம்மாவிடமிருந்து வந்தவை. 23 அப்பாவிடமிருந்து வந்தவை. இரண்டு இரண்டாகச் சேர்த்தால் 23 ஜோடி. பெரியதிலிருந்து சிறியதாக அடுக்கி, அவற்றுக்கு 1, 2, 3 என்று எண் கொடுத்திருக்கிறார்கள்.

இந்த எண்ணிக்கையை விஞ்ஞானிகளே 30 ஆண்டுகளுக்கு மேல் தப்பாகச் சொல்லி வந்தார்கள். 48 என்றே பாடப் புத்தகங்களில் எழுதியிருந்தது. 1956இல்தான் ஸ்வீடன் நாட்டில் டிஜியோ, லெவான் என்ற இருவர் சரியாக எண்ணி, 46 என்று சொன்னார்கள்.

நூல் முழுவதும் எழுத்துகள் போன்ற குறிப்புகள் இருக்கின்றன. இருதயத்தை எப்படிக் கட்டுவது, அண்ணத்தை எப்படி மூடுவது, மூளையை எப்படி வளர்ப்பது என்ற குறிப்புகள். ஒவ்வொரு குறிப்புக்கும் மரபணு என்று பெயர். மனிதருக்குச் சுமார் 20,000 மரபணுக்கள் உண்டு.

மரபணுக்கள் குரோமோசோமில்தான் உள்ளன என்பதை முதலில் காட்டிக் கொடுத்தது யார் தெரியுமா? வாழைப்பழத்தை மொய்க்கும் சின்ன ஈ. 1910இல் அமெரிக்காவில் தாமஸ் மார்கன் என்பவர் பழ ஈக்களை வளர்த்து இதைக் கண்டுபிடித்தார். அந்த ஈ வகைகளை இன்றும் மைசூரில் வளர்க்கிறார்கள். மைசூர்ப் பல்கலைக்கழகத்தின் மானசகங்கோத்ரி வளாகத்தில், விலங்கியல் துறையில், ஆராய்ச்சிக்காகப் பல இனப் பழ ஈக்களைப் பாதுகாத்து வைக்கும் நிலையம் இருக்கிறது. வீட்டில் நாம் விரட்டுகிற ஈக்கு அங்கே தனிக் கவனிப்பு.

மூக்குக்குக் கீழே ஒரு கண்ணாடி

அதே மானசகங்கோத்ரியில் இன்னொரு பெரிய நிறுவனமும் இருக்கிறது. அகில இந்தியப் பேச்சு, கேட்டல் நிறுவனம். 1965இல் தொடங்கப்பட்டது. மத்திய அரசின் சுகாதார அமைச்சகத்தின் கீழ் நடக்கிறது. பேச்சு வராதவர்கள், காது கேளாதவர்கள், திக்கிப் பேசுகிறவர்கள் பல மாநிலங்களிலிருந்தும் இங்கே வருகிறார்கள்.

மூக்கால் பேசுகிற குழந்தையைப் பேச்சுப் பயிற்சியாளர்கள் எப்படிச் சோதிக்கிறார்கள்? ஓர் எளிய முறை உண்டு. சின்னக் கண்ணாடியை மூக்குக்குக் கீழே பிடிக்கிறார்கள். "பாப்பா, அப்பா" என்று சொல்லச் சொல்கிறார்கள். "ப" என்ற எழுத்தைச் சொல்லும்போது மூக்கு வழியாகக் காற்று வரக்கூடாது. கண்ணாடியில் ஆவி படிந்தால், காற்று கசிகிறது என்று தெரிந்துவிடும். நீங்களும் செய்து பார்க்கலாம். "அப்பா" என்று சொல்லும்போது கண்ணாடி தெளிவாக இருக்கும். "அம்மா" என்று சொன்னால் ஆவி படியும்.

பிறகு வாய்க்குள் விளக்கடித்துப் பார்க்கிறார்கள். அண்ணம் பிளந்திருந்தால் உடனே தெரியும். சில குழந்தைகளுக்குப் பிளவு மறைந்திருக்கும். மேல்தோல் மூடியிருக்கும். உள்ளே தசை சேர்ந்திருக்காது. உள்நாக்கு இரண்டாகப் பிரிந்திருக்கும். வெளியே எதுவும் தெரியாததால் பல ஆண்டுகள் யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள்.

இங்கேதான் அனுபவம் உள்ள டாக்டர் இன்னும் சில கேள்விகள் கேட்பார். "பிள்ளைக்கு இருதயத்தில் ஓட்டை என்று யாராவது சொன்னார்களா? கை கால் இழுத்துக்கொண்டு வலிப்பு வந்ததா? அடிக்கடி சளி, காய்ச்சல் வருகிறதா? வகுப்பில் எப்படி இருக்கிறான்?"

அண்ணம், இருதயம், வலிப்பு, படிப்பு, பயம். இவை தனித்தனியாகத் தோன்றும். எல்லாம் ஒரே பிள்ளைக்கு இருந்தால், ஒரே இடத்திலிருந்து வந்திருக்கலாம்.

இருபத்திரண்டாவது கண்டு

அந்த இடம் 22ஆவது குரோமோசோம். மிகச் சிறிய குரோமோசோம்களில் அதுவும் ஒன்று. சில குழந்தைகள் உருவாகும்போது, அதன் ஒரு ஜோடியில், ஒரு நூலின் நடுவே ஒரு சிறு துண்டு விட்டுப் போகிறது. அந்தத் துண்டில் சுமார் 40 மரபணுக்கள் இருக்கும். இன்னொரு நூலில் அதே துண்டு நன்றாக இருக்கிறது. ஆகவே குழந்தை பிழைக்கிறது, வளர்கிறது. ஆனால் இரண்டு பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் செய்வதுபோல், சில வேலைகள் குறைபடுகின்றன.

ஏறக்குறைய 4,000 குழந்தைகளில் ஒருவருக்காவது இப்படி இருக்கிறது. சில ஆய்வுகள் இதைவிட அதிகம் என்கின்றன. 1960களில் ஒரு டாக்டர் இதைக் கழுத்துச் சுரப்பிக் குறை என்று எழுதினார். 1978இல் இன்னொருவர் அண்ணம், இருதயம், முகத்தோற்றம் மூன்றும் சேர்ந்த நோய் என்று எழுதினார். யானையைத் தடவிப் பார்த்தவர்களின் கதைதான். 1990களில் குரோமோசோமை இன்னும் நுட்பமாகப் பார்க்கும் முறை வந்தது. எல்லாரும் பார்த்தது ஒரே துண்டின் குறையைத்தான் என்று அப்போது தெளிவானது.

மனதுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

இருதயத்தைக் கட்டும் குறிப்புகள் நூலில் இருப்பதுபோல், மூளையைக் கட்டும் குறிப்புகளும் நூலில்தான் இருக்கின்றன. ஆகவே துண்டு விட்டுப்போனால் மூளையின் வேலையிலும் வித்தியாசம் வரலாம்.

22ஆவது குரோமோசோமில் துண்டு குறைந்த குழந்தைகளில், ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குக் கவனம் நிற்பதில்லை, துறுதுறுப்பு அடங்குவதில்லை. மூன்றில் ஒருவருக்கு அளவு மீறிய பயமும் பதற்றமும் இருக்கின்றன. சிலருக்கு ஆட்டிசம் இருக்கிறது. ஆட்டிசம் என்றால், பிறரோடு பழகுவதும் பேசுவதும் சிரமமாக இருப்பது, செய்ததையே திரும்பத் திரும்பச் செய்வது.

இவர்கள் பெரியவர்களாகும்போது, சுமார் நான்கில் ஒருவருக்கு மனச்சிதைவு நோய் வருகிறது. இல்லாத குரல் கேட்பது, யாரோ கெடுதல் செய்கிறார்கள் என்று நம்புவது, இவை அதன் அடையாளங்கள். பொதுவாக மக்களில் நூற்றில் ஒருவருக்கு வரும் நோய் அது. நூற்றில் ஒன்று எங்கே, நான்கில் ஒன்று எங்கே!

இந்த நோய் 13 வயதுக்கு முன்பே வருவது மிக மிக அரிது. அப்படி அரிதாக வந்த குழந்தைகளை, அமெரிக்காவில் உள்ள தேசிய மனநல நிறுவனத்தில் 1990 முதல் ஜூடித் ராப்போபோர்ட் என்ற அம்மையாரின் குழு ஆராய்ந்தது. அவர்களில் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்குக் குரோமோசோம் நூலில் ஏதாவது ஒரு துண்டு குறைந்தோ கூடியோ இருந்தது. 22ஆவது குரோமோசோமின் குறையும் அவற்றில் இருந்தது. மற்றவர்களுக்கு வருவதைவிட இது மிக அதிகம்.

இந்தக் கணக்கைத் திருப்பியும் படிக்க வேண்டும். பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அப்படி ஒன்றும் தெரியவில்லை. நான்கில் ஒருவருக்கு நோய் வருகிறது என்றால், மூன்று பேருக்கு வரவில்லை. மனச்சிதைவு நோய் உள்ள பெரியவர்களை எல்லாம் சோதித்தால், இந்தத் துண்டு குறைந்தவர்கள் நூற்றுக்கு ஒருவருக்கும் குறைவு. ஆக, குரோமோசோம் மாற்றம் ஒரு காரணமாக இருக்கலாம். அது மட்டுமே காரணம் என்று சொல்ல முடியாது. ஒரே குறை உள்ள இரண்டு பேரில் ஒருவர் கல்லூரிக்குப் போகிறார், இன்னொருவருக்குத் தனிப் பள்ளி தேவைப்படுகிறது. ஏன் இந்த வித்தியாசம் என்பது முழுவதும் புரியவில்லை. "உங்கள் மகனுக்கு நிச்சயம் பைத்தியம் பிடிக்கும்" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். எந்தச் சோதனையும் அப்படிச் சொல்லாது.

வேறு சில மாற்றங்களும் உண்டு. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருந்தால் டவுன் சிண்ட்ரோம். பாரிஸில் 1959இல் இது தெரிய வந்தது. இந்தக் குழந்தைகள் திடீரென்று சோர்ந்து ஒடுங்கினால், மனநோய் என்று முடிவு கட்டுவதற்கு முன் தைராய்டு சுரப்பியைச் சோதிக்க வேண்டும். அதில் குறை வருவது இவர்களுக்குச் சகஜம். மாத்திரையால் சரி செய்யலாம். இன்னொன்று, எக்ஸ் குரோமோசோமின் நுனி ஒடிவதுபோல் தோன்றும் மாற்றம். ஆண்பிள்ளைகளைத்தான் அதிகம் தாக்கும். கண்ணைப் பார்த்துப் பேசமாட்டார்கள், கையை உதறுவார்கள், நிலைகொள்ள மாட்டார்கள். சில ஆண்பிள்ளைகளுக்கு எக்ஸ் குரோமோசோம் ஒன்று கூடுதலாகவே இருக்கும். பேச்சு கொஞ்சம் தாமதமாகும், கூச்சம் இருக்கும். அவ்வளவுதான். தங்களுக்கு அப்படி இருக்கிறது என்று தெரியாமலே வாழ்ந்து முடிக்கிறவர்கள் பலர்.

யார் மேல் பழி?

இப்போது அந்த வீட்டுக் காரணங்களைப் பார்ப்போம்.

கிரகணம் என்பது நிழல். நிலா மேல் பூமியின் நிழல், அல்லது பூமி மேல் நிலாவின் நிழல். நிழலுக்கு அண்ணத்தைப் பிளக்கும் சக்தி இல்லை. அரிவாள்மணைக்கும் இல்லை.

சொந்தத்தில் கட்டியதைப் பற்றிக் கொஞ்சம் கவனமாகப் பேச வேண்டும். கர்நாடகத்தில் 1980களில் பெரிய ஆய்வு ஒன்று நடந்தது. ஏறக்குறைய மூன்றில் ஒரு திருமணம் சொந்தத்துக்குள் நடந்தது தெரிய வந்தது. மாமன் அக்காள் மகளைக் கட்டுவதுதான் அதிகம். சொந்தத்தில் கட்டினால் சில நோய்கள் வரும் வாய்ப்பு கூடுவது உண்மைதான். பிறவியிலேயே காது கேளாமை சில வகை அப்படி வரும். தாயிடமும் தந்தையிடமும் மறைந்திருக்கும் ஒரே குறை பிள்ளையிடம் சேர்ந்துவிடுவதால் அது நடக்கிறது. ஆனால் 22ஆவது குரோமோசோமில் துண்டு குறைவது அந்த வழியில் வருவதில்லை. பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு அது புதிதாக நேர்வது. தாயிடமும் இல்லை, தந்தையிடமும் இல்லை. பெரும்பாலும் கருமுட்டையோ விந்தணுவோ உருவாகும் நேரத்தில் நூல் பிரிந்து சேரும்போது நேர்ந்த பிசகு. தாய் சாப்பிட்டதாலோ, வேலை செய்ததாலோ, கோபப்பட்டதாலோ வந்தது இல்லை.

செல்லம் கொடுத்தும் இது வராது. அடித்தால் போகவும் போகாது. அடி வாங்கும் பிள்ளைக்குப் பயம்தான் கூடும்.

காற்று கருப்பு என்று சொன்னார்களே, அதில்தான் ஆபத்து அதிகம். இந்தக் குழந்தைகள் சிலருக்கு இரத்தத்தில் கால்சியம் குறைந்துவிடும். குறைந்தால் கை விரல்கள் மடங்கி இழுக்கும். வலிப்பு வரும். பிள்ளை காரணமின்றிச் சிடுசிடுக்கும். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்ததுபோல் தோன்றும். பூசாரி வேப்பிலை அடிப்பார். தேவையோ கால்சியம் மருந்து. ஒரு சாதாரண இரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

மந்திரிப்பதோடு நின்றால் பரவாயில்லை. சங்கிலியில் கட்டும் வழக்கமும் இருந்தது. 2001 ஆகஸ்டு 6ஆம் நாள், இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு மனநோய்க் காப்பகம் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். மனநோய் உள்ளவரைச் சங்கிலியில் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் முழுவதுமாகத் தடை செய்திருக்கிறது.

சோதனையும் சிகிச்சையும்

குரோமோசோமைப் பார்க்க, கையிலிருந்து கொஞ்சம் இரத்தம் எடுப்பார்கள். அந்த இரத்தத்தின் செல்களைச் சுமார் மூன்று நாள் வளர்ப்பார்கள். சாயம் ஏற்றி, படம் பிடித்து, ஜோடி ஜோடியாக அடுக்குவார்கள். ஒரு குரோமோசோம் முழுதாகக் கூடினால், குறைந்தால் இதில் தெரியும். 22ஆவதில் விட்டுப்போகும் சிறு துண்டு பெரும்பாலும் இதில் தெரியாது. அதற்கு வேறு நுட்பமான சோதனைகள் உண்டு. செலவும் கூடும். ஆகவே "எல்லாம் சரியாக இருக்கிறது" என்று சீட்டு வந்தால், "எந்தச் சோதனை செய்தீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. துறுதுறுப்பாக இருக்கும் எல்லாப் பிள்ளைக்கும் இந்தச் சோதனை தேவையும் இல்லை. தேவையா என்று டாக்டர் சொல்வார்.

விட்டுப்போன துண்டைத் திரும்ப ஒட்ட இன்று மருந்து இல்லை. இதைக் கேட்டதும், "பிறகு எதற்குச் சோதனை?" என்று பலர் எழுந்து போய்விடுகிறார்கள். காரணம் தெரிந்தால் இருதயத்தைச் சோதிக்கலாம். கால்சியத்தைக் கவனிக்கலாம். அண்ணத்துக்கு அறுவை சிகிச்சை செய்து, பேச்சுப் பயிற்சி கொடுக்கலாம். பயத்துக்கும் துறுதுறுப்புக்கும் பயிற்சி உண்டு, தேவைப்பட்டால் மருந்தும் உண்டு. குரோமோசோம் குறையால் வந்தாலும், வேறு எதனால் வந்தாலும், மனநோய்க்கான மருந்து வேலை செய்யும். பிள்ளை வளரும்போது குரல் கேட்கிறதா, ஒதுங்கிப் போகிறானா என்று முன்கூட்டியே கவனித்தால், சீக்கிரம் சிகிச்சை தொடங்கலாம்.

அடுத்த குழந்தையைப் பற்றியும் தெரியும். தாய், தந்தை இருவரின் இரத்தத்தையும் சோதிப்பார்கள். இருவரிடமும் இல்லை என்றால், அடுத்த பிள்ளைக்கு வரும் வாய்ப்பு மிகக் குறைவு. ஒருவரிடம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு.

எங்கே போவது? மைசூரில் பேச்சுக்கும் காதுக்கும் மேலே சொன்ன நிறுவனம் இருக்கிறது. குழந்தை வைத்தியத்துக்கு அரசின் செலுவாம்பா மருத்துவமனை இருக்கிறது. பெங்களூரில் நிம்ஹான்ஸ் மருத்துவமனையில் குழந்தைகள் மனநலத்துக்குத் தனிப் பிரிவு உண்டு. அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வந்து பிள்ளைகளைச் சோதிக்கும் அரசு டாக்டர் குழு, 2013 முதல் நாடு முழுவதும் இயங்குகிறது. பிறப்பு முதல் 18 வயது வரை பார்ப்பார்கள். டவுன் சிண்ட்ரோம், அண்ணப் பிளவு, பிறவி இருதயக் குறை எல்லாம் அவர்கள் பட்டியலில் இருக்கின்றன. மனதைப் பற்றிய சந்தேகம் என்றால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். பணம் கிடையாது. தமிழிலும் பேசலாம், கன்னடத்திலும் பேசலாம். ஆட்டிசம், அறிவு வளர்ச்சிக் குறை, மனநோய் இவற்றை 2016ஆம் ஆண்டுச் சட்டம் ஊனங்களாக ஏற்றுக்கொண்டிருக்கிறது. அளவைப் பொறுத்து அடையாள அட்டையும் சலுகைகளும் கிடைக்கும்.

டாக்டரிடம் போனால் பதற்றத்தில் பாதி மறந்துபோகும். நீங்கள் இப்போது எழுதப் படிக்கத் தெரிந்தவர். வீட்டிலேயே ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். இப்படி எழுதலாம்:

பிள்ளையின் பெயர், பிறந்த தேதி, பிறந்தபோது எடை:
பால் மூக்கு வழியாக வந்ததா:
முதல் வார்த்தை பேசியது எந்த வயதில், நடந்தது எந்த வயதில்:
வலிப்பு வந்ததா, எத்தனை தடவை:
இருதயம், காது பற்றி டாக்டர் யாராவது சொன்னது:
எதற்குப் பயப்படுகிறான், எப்போதிருந்து:
பள்ளிக்கூடத்தில் வாத்தியார் சொன்னது:
அம்மா வீட்டிலோ அப்பா வீட்டிலோ வேறு யாருக்காவது இப்படி உண்டா:
இப்போது கொடுக்கும் மருந்து:
நான் கேட்க வேண்டிய கேள்விகள்: